உறையாத ஏரி

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. கிண்ணத்தில் பாதிதான் ஊற்றியிருக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போகச் சொல்வதாக ஆகிவிடும். உங்களை அப்படி அனுப்பும் எண்ணம் எனக்கில்லை. தீரத் தீர ஊற்றுகிறேன், நீங்கள் கேட்க வந்ததைக் கேளுங்கள். அசனாலி கிழவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் பாதியிலிருந்து ஆரம்பித்திருப்பார். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவரின் தகப்பனாரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். இந்த நாரின் ஊர் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் பஸ் அறிவித்தவர் அவர். எந்த பஸ் எந்தக் கணவாய் வழியாக எந்தெந்த ஊரில் நின்று போகும் என்று கையில் தாள் எதுவும் இல்லாமல் கடகடவென்று சொல்லுவார். நீங்கள் இந்த ஊர்க்காரர் என்றால் உங்கள் காதிலும் அந்தக் குரல் விழுந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு அறை வீட்டில் அந்தக் குரலோடு குடியிருப்பது எப்படி என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். உப்பு வேண்டும் என்றாலும் பஸ் புறப்படுகிற மாதிரிதான் சொல்லுவார்.

எங்கள் குடியிருப்பில் கிழவர்களுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர். தலைநகரத்திலிருந்து வரும் பஸ் மதியம்தான் பேப்பரைக் கொண்டுவரும். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். சாயங்காலம் வாசல் பெஞ்சில் கூடி விடைகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒருவர் மானத்தை ஒருவர் வாங்குவார்கள். கண் இருந்த காலத்தில் அப்பாதான் அங்கே ராஜா. கண் போன பிறகு அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் கணவர் சமாத் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறார். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். குறிப்பை நான் படிப்பேன், எத்தனை கட்டம் என்று சொல்லுவேன், அவர் விடை சொல்லுவார், நான் எழுதுவேன். என் உதவி அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் மருமகள் இருப்பாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் பேர் ஓர் உலோகத்தின் பேர். குதிரைக்கு லாடம் அடிப்பது அதில்தான். அதனால் அந்தச் சொல் எங்கே வந்தாலும் நான் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவேன். கடையில் ஆணி வாங்கப் போனாலும் அப்படித்தான். ஒரு நாள் புதிரில், இடமிருந்து வலம், அந்த உலோகத்தின் பேரே குறிப்பில் வந்துவிட்டது. நான் ஒரு கணம் நிறுத்திவிட்டு, "துருப்பிடிக்குமே, அந்தப் பொருள்" என்று மாற்றிப் படித்தேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலம் பெஞ்சில் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

"பேப்பர்ல போட்டிருக்கறதையே என் மருமக மரியாதைக்காக மாத்திப் படிக்கிறாடா. உங்க வீட்டுல ஒருத்தி செய்வாளா?"

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் படித்ததற்கு முதல் பாராட்டு அவரிடமிருந்துதான் வந்தது.

பாராட்டோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். புதிர் முழுவதும் முடிந்ததும் அவர் எனக்குக் கையால் ஊட்டுவார். பெரியவர் கையால் ஒரு கவளம் வாங்குவது கௌரவம், எனக்கும் தெரியும். விருந்து நாளில், வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடலாம். இவர் தினமும் ஊட்டினார். 

அந்தக் கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்தும் கை கழுவ மாட்டார். யோசிக்கும்போது வாயில் காய்ந்த தயிர் உருண்டை ஒன்று கிடக்கும். கடினமான குறிப்பு வந்தால் அதை வெளியே எடுத்து விரலிடுக்கில் வைத்து உருட்டுவார். சில சமயம் பேப்பர் மேலேயே வைப்பார், கட்டங்களின் மேல் ஈர வட்டம் விழும், எழுத்து கரையும். விடை கிடைத்ததும் திரும்பவும் வாய்க்குள் போட்டுக்கொள்வார். எல்லாம் முடிந்ததும் அதே விரல்களால் ஆட்டு வால் கொழுப்பையும் ரொட்டியையும் பிசைந்து உருட்டி என் பக்கம் நீட்டுவார். கண் தெரியாதே, அதனால் என் வாயைத் தேடுவார். முதலில் கன்னம், அப்புறம் மூக்கு, அப்புறம் உதடு. பிசுபிசுவென்று முகமெல்லாம் தடவித் தடவிக் கண்டுபிடிப்பார். உதடு அகப்பட்டதும், "இங்க இருக்கியா" என்று சிரிப்பார். எச்சில் வாடையும் கொழுப்பு வாடையும் சேர்ந்தே உள்ளே போகும். நான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற சாக்கில் போய்த் துப்புவேன். துப்பியும் போகாது. உப்புப் போட்டுக் கொப்பளித்தாலும் சாயங்காலம்வரை வாய்க்குள் அவர் விரல் இருக்கிற மாதிரியே இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமனார் நீட்டிய கவளத்தை முகம் திருப்பிய மருமகள் என்று பேர் வாங்கவா? பல் வலி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்படியா அம்மாடி" என்று பரிதாபப்பட்டு இன்னும் மெத்தென்ற கொழுப்பாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். 

நிதானமாக யோசித்தேன். நான் கோபத்தில் எதுவும் செய்கிற ஆள் இல்லை. புதிர் முடிந்தால்தானே கவளம். முடியாவிட்டால்?

அன்று கடைசிக் குறிப்புக்கு அவர் சொன்ன விடை சரி. "பொருந்தலைப்பா, ஒரு கட்டம் மிஞ்சுது" என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வேறு வேறு விடையெல்லாம் சொல்லிப் பார்த்தார். பொருந்தவில்லை என்றே சொன்னேன். கை துண்டில் துடைக்கப்பட்டது. என் முகம் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

ஆனால் அவர் லேசில் விடுகிறவர் இல்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிப் போய் அசனாலியிடம் உதவி கேட்க ஆரம்பித்தார். அசனாலி பழைய பஸ் டிரைவர், அப்பாவுக்கு வாலிப வயதுச் சிநேகிதர். அவரிடம் கேட்டு, முதலில் சொன்ன விடைதான் சரி என்று தெரிந்துகொண்டு, மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, "இன்னொரு தடவை எண்ணிப் பாரும்மா" என்பார். நான் எண்ணிப் பார்த்து, ஆமாம் அப்பா, என் தப்பு என்பேன். உடனே கவளம். படியேறிய கையில் கம்பியின் அழுக்கும் சேர்ந்திருக்கும்.

அதனால் பெஞ்சிலிருந்து வரும் உதவியை நிறுத்த வேண்டியிருந்தது. குறிப்பையே மாற்றிப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான். பேப்பரில் ஒட்டகம் என்று இருந்தால் நான் ஆடு என்பேன். அவர் ஆட்டுக்குத் தகுந்த விடையைச் சொல்லுவார், நானும் எழுதிக்கொள்கிற மாதிரி பேனாவை ஓட்டுவேன். ஒன்றிரண்டை மட்டும் முடியாமல் விட்டுவைப்பேன். அவர் கீழே போய் அந்தக் குறிப்பைச் சொல்லி உதவி கேட்பார். அப்படி ஒரு குறிப்பே பேப்பரில் இல்லை என்பார்கள். 

அந்த ஏரி விஷயத்தை அசனாலி உங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார். மேலிருந்து கீழ், 'பனிக்காலத்திலும் உறையாத நம் ஏரி.' நம் நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது இசிக்-கோல் என்று தெரியும். நான் 'வருஷா வருஷம் உறையும் நம் ஏரி' என்று படித்தேன். கட்டத்தையும் ஒன்று குறைத்துச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, சோங்-கோல் என்றார். பனி பிடித்தால் லாரியே ஓட்டலாம் என்று அந்த ஏரியைப் பற்றி ஒரு கதையும் சொன்னார். விடை சரிதான், நான் படித்த குறிப்புக்கு.

சாயங்காலம் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கீழே பேசுவது அப்படியே கேட்டது. அப்பா கம்பீரமாக சோங்-கோல் என்று அறிவித்தார். உடனே பெஞ்சே குலுங்கியது. எல்லோருக்கும் மேலே அசனாலியின் சிரிப்புதான்.

"ஏன்டா, உறையாத ஏரின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, நீ சோங்-கோலுங்கிறே. கண்ணோட சேத்து மண்டையும் போச்சா?"

"உறையும்னுதானே அவ..." என்று அப்பா ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். "ஆமாண்டா, எனக்குத்தான் காது மந்தம்" என்றார்.

அவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் மருமகளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொன்னால் என் பேர் கெட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அதைப் பற்றி யோசிக்க அவகாசம் இல்லை. மாவு கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேலே வந்து என்னிடம் ஒன்று கேட்டார். கேட்டது அந்த ஒரே தடவைதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவருக்கு அப்படிப் பேசத் தெரியும் என்றே அன்றுதான் எனக்குத் தெரிந்தது, "அம்மாடி, பேப்பர்ல இருக்கறபடிதானே படிக்கிறே?" என்றார்.

"ஆமாப்பா. உங்க பேர் வந்தா மட்டும்தான் மாத்துவேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. என்னைச் சந்தேகப்பட்டுவிட்டதாக அவரே வெட்கப்பட்டார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி, புதிர் முடியாமலே, ஒன்றுக்கு இரண்டாகக் கவளம் பிசைந்து ஊட்டினார். கொழுப்பு முகவாய் வழியாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, ஐயா. உண்மையைச் சொல்வதானால் அந்த இரண்டாவது கவளத்தோடு அது போய்விட்டது. 

அதற்குப் பிறகு நான் புதிரோடு நிற்கவில்லை. வானொலியில் சொன்னதைக் கேட்டு இன்று செவ்வாய் என்பார், புதன் அப்பா என்பேன். தேநீரில் உப்புப் போட்டுவிட்டு இனிப்பாகத்தானே இருக்கிறது என்பேன். நாக்கால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம் இனிப்புதான் என்று ஒத்துக்கொள்வார். பெஞ்சில் சிரிப்பு போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். அவர் போவதையே குறைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்றவர்கள்தான் என்னிடம் வந்து சொன்னார்கள். அசனாலியே ஒரு நாள் வட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, இங்கேதான், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து அழுதார். டாக்டரிடம் காட்டும்மா என்றார். என் கணவரும் தொலைபேசியில் அதையே சொன்னார். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றார். நடுவில் இருந்த டாக்டரம்மாவுக்கு அவர் குரல் சின்ன வயதிலிருந்தே பழக்கமாம். எப்படியாவது அவரைத் தேறவைத்துவிடலாம் என்று, அன்றைய பேப்பரை என்னிடம் கொடுத்து, பெரியவருக்குப் புதிர் பிடிக்குமாமே, வழக்கம்போல நீயே படித்துக் காட்டு என்றார்.

நான் படித்தேன். எழுத்துப் பிசகாமல், அச்சில் இருந்தபடியே படித்தேன். பக்கத்தில் டாக்டரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவரே சாட்சி. இடமிருந்து வலம், 'கரா தாரியாவோடு கூடி சிர் தாரியா ஆகும் ஆறு.' சன்னலுக்கு வெளியே அந்த ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. பனி உருகும் காலம், இரைச்சல் அறைக்குள் கேட்டது. அவர் பிறந்த ஊரின் பேரும் அதுதான். வேலை செய்த காலமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவர் பஸ்ஸை அனுப்பினார்.

தயிர் உருண்டை இல்லாமலே அப்பாவின் விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் என் பக்கம் சாய்ந்து, "நீ சொல்லு அம்மாடி. நான் சொன்னா தப்பாத்தான் இருக்கும்" என்றார்.

நான் சொல்லக்கூடாது அப்பா, இது பரீட்சை என்றேன். டாக்டரம்மா பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

புத்தி தடுமாறியவர்களை வைத்துப் பார்க்கும் விடுதிக்கு அவரைக் கூட்டிப் போக வண்டி வந்த அன்று காலையில் ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். தொப்பியைப் போட்டுக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கடைசியாக ஒரு கவளம் உருட்டினார். கையை நீட்டி என் முகத்தைத் தேடினார். கன்னம், மூக்கு, உதடு. உதட்டில் விரல் பட்டும் சிரிக்கவில்லை. விரலை அப்படியே நிறுத்தி, "இது வாய்தானா அம்மாடி?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை நாளில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டுவிட்டு ஊட்டாமல் விட்டுவிட்டார்.

அந்த விடுதி இதே ஆற்றங்கரையில் கீழே தள்ளி இருக்கிறது. அசனாலி பார்க்கப் போனார். அப்பா அவரிடம் என்னைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லையாம். தன் மூளை எப்படியெல்லாம் குழம்பியது பார் என்று, காதில் தப்பாக விழுந்த குறிப்புகளை ஒன்று விடாமல் ஒப்பித்தாராம். எந்த நாள், எந்தக் கட்டம், இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா, எல்லாம். அதில் ஏரியும் இருந்தது. பெஞ்சில் சத்தமாகச் சிரித்தவருக்கு அது மறக்குமா? இவ்வளவும் நினைவில் வைத்திருப்பவனுக்கா மண்டை போயிற்று என்று அங்கேயே அசனாலிக்கு உறைத்திருக்கிறது. திரும்பி வந்து என் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கிண்ணத்தை நீட்டினேன், தொடவில்லை. "நீ என்ன படிச்சே அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார். வயதில் பெரியவர் கோபமாக இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது முறையில்லை.

அப்பாவை அழைத்து வர அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. விடுதிக் காவலாளி சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இந்தச் சத்தம் எந்த ஆற்றினுடையது, கொஞ்சம் உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாரின்தான் தாத்தா என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் போதாது, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்றாராம். வீட்டுச் செருப்போடு கரைவரை தடவித் தடவிப் போயிருக்கிறார். கரையெல்லாம் இன்னும் உருகாத பனி.

இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?

இதை என் வாக்குமூலமாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குறிப்பை மாற்றினேன், கட்டத்தைக் குறைத்தேன், கிழமையை மாற்றினேன், உப்பை இனிப்பு என்றேன். தெரிந்தேதான் செய்தேன். நல்ல புத்தியோடு இருந்த மனுஷனைப் புத்தி இல்லாதவர் என்று அவரையே நம்ப வைத்தது நான்தான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் அந்தக் கையை வாயில் வாங்கியவள் நான், நீங்கள் இல்லை. அதை மட்டும் சேர்த்து எழுதினால் போதும்.

இறந்தவர் பேரைச் சொல்லச் சொல்கிறீர்கள். அதை அசனாலியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா. மாமனார் பேரை வாய்விட்டுச் சொல்லுகிற அளவுக்கு நான் மரியாதை தெரியாதவள் இல்லை.